ஒரு நாள் இரவல்

மார்ச் 3

காலையில் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு லாரி. புதுக் கட்டில், புது மெத்தை, ஜன்னலுக்குத் திரைகூட. எல்லாம் பக்கத்து ஊர் புர்தெஷ்டி ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நாள் இரவல். நாளை சுகாதார மந்திரி எங்கள் ஊர் தொலோஷனிக்கு வருகிறார்.

எங்கள் பழைய துருப்பிடித்த கட்டில்களைக் கிடங்குக்குள் தள்ளினார்கள். செர்ரி, பேரிக்காய், பிளம் என்று ஒவ்வொரு கட்டில் தலைமாட்டிலும் நர்ஸ் வெத்தா ஒரு பழப்படம் ஒட்டியிருப்பாள், பிள்ளைகள் தங்கள் கட்டிலை அடையாளம் கண்டுகொள்ள. கொஞ்சம் தேறிய பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். "மந்திரி போனதும் திரும்பத் தூக்கிட்டு வாங்க" என்று டைரக்டர் கிரிகோராஷ் சொன்னார். தாய்மார்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். யாருக்கும் கோபம் வரவில்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அடுத்த வீட்டில் நாற்காலி வாங்கிப் போடுவதில்லையா, அந்த மாதிரி.

வெத்தா என் குழந்தைகள் வார்டின் தலைமை நர்ஸ். அவள் வாய்க்கே தனி வார்டு போடலாம். இன்குபேட்டரைத் துடைத்தபடி, "இத மட்டும் மாத்த மாட்டாங்க டாக்டரம்மா. புர்தெஷ்டில இது கூட கெடையாது" என்றாள். எங்களிடம் இருப்பதே அந்த ஒன்று. மூடியின் கீல் உடைந்த இடத்தில் நான் பிளாஸ்திரி ஒட்டி, அசிங்கம் தெரியாமலிருக்க நீலப் பேனாவால் ஒரு வாத்து வரைந்து வைத்திருக்கிறேன். அதை நாய் என்பாள் வெத்தா.

மார்ச் 4

சொல்லிவிட்டேன். சொல்லவேண்டும் என்று நினைத்துப் போகவில்லை, சத்தியமாக.

மந்திரி ஒரு கட்டிலைத் தட்டி, கேமராவைப் பார்த்து, "இதல்லவா வார்டு!" என்றார். எனக்கு எங்கிருந்து வந்ததோ. "ஐயா, இது நேத்து லாரில வந்த கட்டில். இன்னிக்கு சாயங்காலம் லாரிலயே போயிடும். உங்க பின்னாடி நிக்கிற இன்குபேட்டர் மட்டும்தான் எங்களோடது. அதுவும் ஒடஞ்சது." கிரிகோராஷ் முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது. மந்திரி வாத்தைப் பார்த்தார். சிரித்துச் சமாளித்தார்.

வேலை போகும். போகட்டும்.

மார்ச் 6

வேலை போகவில்லை. நாடே பார்த்துவிட்டதாம். கடையில் ரொட்டி வாங்கப் போனால் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். என் கணவர் லிவியு மாட்டு வைத்தியர். அவருக்கு இதில் மனத்தாங்கல். "நானும் இருபது வருஷமா மாட்டு வயித்துக்குள்ள கைய விட்டுட்டு நிக்கிறேன், ஒரு டிவிக்காரன் வந்தானா?"

ஏப்ரல் 19

செப்டிமியு என்று ஒருவர் தலைநகர் புகாரெஸ்டிலிருந்து வந்தார். கட்சிக்காரர். நான் செய்த கோஸ் இலைக் கொழுக்கட்டையை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "நீங்க டாக்டரா இங்க நூறு பிள்ளைங்களப் பாப்பீங்க. பார்லிமெண்டுக்கு வந்தா நாட்டுப் பிள்ளைங்க மொத்தமும் உங்களோடது" என்றார். எண்ணெய் வழிகிற பேச்சு. ஆனாலும் உள்ளே ஏதோ குளிர்ந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்?

வெத்தாவிடம் கேட்டேன். "போங்க. பேசத் தெரிஞ்ச ஆளு நமக்கு ஒண்ணு அங்க வேணும். ஆனா போயி எனக்கு ரெண்டாவது இன்குபேட்டர் வாங்கி அனுப்பணும். வேற எந்த மண்ணாங்கட்டியும் வேணாம்."

சத்தியம் செய்து கொடுத்தேன்.

டிசம்பர் 12

ஜெயித்துவிட்டேன். லிவியு பிளம் சாராயத்தைத் தெருவுக்கே ஊற்றினார்.

பிப்ரவரி 8, புகாரெஸ்ட்

துணை மந்திரி ஆக்கிவிட்டார்கள். அறையில் பேரிக்காய் மரத்து மேஜை. எங்கள் டியூட்டி அறையைவிடப் பெரியது. முதல் வேலையாக இன்குபேட்டரைப் பற்றிக் கேட்டேன். டெண்டரில் இருக்கிறது என்றார்கள்.

ஜூன் 2

டெண்டரில் இருக்கிறது. வெத்தா போன் செய்தாள். "அந்த டெண்டருங்கறது எந்த ஊரு டாக்டரம்மா? போயி நானே தூக்கிட்டு வந்துர்றேன்." சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

நவம்பர் 21

எழுதத்தான் வேண்டும்.

இன்று புர்தெஷ்டியில் புதுப் பிரசவ வார்டுத் திறப்பு விழா. அடுத்த மாதம் உள்ளாட்சித் தேர்தல். வரவேற்க ரொட்டியும் உப்பும் நீட்டினார்கள், பாதிரியார் தீர்த்தம் தெளித்தார், நான் ரிப்பனை வெட்டினேன். உள்ளே போனால் புதுப் பெயின்ட் வாசனை. நடுவில், பூங்கொத்துக்குப் பக்கத்தில், பளபளவென்று இன்குபேட்டர்.

மூடியின் கீலில் பிளாஸ்திரி. அதில் நீல வாத்து.

என்னுடையது. என் கையால் வரைந்தது. தொலோஷனியில் இருக்கவேண்டியது இங்கே என்ன செய்கிறது? கேட்டேனா? கேட்கவில்லை. கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. வாத்து தெரியாதபடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அப்படியே போட்டோ எடுத்தார்கள். "இனிமேல் இந்த மாவட்டத்தில் எந்தப் பச்சைக் குழந்தையும்" என்று ஆரம்பித்து ஏதோ பேசினேன். கை தட்டினார்கள்.

ஒரு நாள்தானே, சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். இதை நினைத்தது நான்தானா?

நவம்பர் 22

வெத்தா போன் செய்தாள். குரலே அவள் குரலாக இல்லை.

நேற்று மத்தியானம், நான் அங்கே பேசிக்கொண்டிருந்த நேரம், நிகுலினா என்கிற பெண்ணுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி வந்து குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை, உள்ளங்கை அளவு. இன்குபேட்டர் இல்லை. பஞ்சில் சுற்றி, வெந்நீர் பாட்டில் வைத்து, ஆம்புலன்ஸில் யாஷ் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். மலைச்சாலையில் பனி. குழந்தை நீலம் பாரித்துக்கொண்டே வந்ததாம்.

"டைரக்டர் வந்து கேட்டாரு. 'நம்ம டாக்டர் ஸ்மரந்தாவுக்குத்தான், ஒரே நாளு'ன்னாரு. நானே தொடச்சு லாரில ஏத்தினேன் டாக்டரம்மா. நம்ம டாக்டரம்மா தல குனியக் கூடாதேன்னு ஏத்தினேன்."

ஞானஸ்நானம் ஆயிற்றா என்று மட்டும் கேட்டேன்.

"பாதிரியாருக்கு எங்க போறது? வண்டிலயே தண்ணி தெளிச்சு நானே ஞானஸ்நானம் குடுத்தேன். என்ன பேருன்னு தாயி சொல்லல. அது மயங்கிக் கெடந்துச்சு. வாயில வந்த பேரு உங்க பேருதான். வச்சுட்டேன்."

நவம்பர் 23

குட்டி ஸ்மரந்தா இன்று விடியற்காலையில் இறந்துவிட்டது.

யாஷ் டாக்டர் என்னோடு படித்தவர். "இவ்வளவு சின்னக் குழந்தை, இன்குபேட்டர் இருந்திருந்தாலும் சொல்ல முடியாது" என்றார். சொல்ல முடியாதுதான். நானும் எத்தனை தாய்மாரிடம் இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது கையைப் பிடித்துக்கொள்வேன். இன்று அந்த வார்த்தையை நானே பிடித்துக்கொண்டு தொங்குகிறேன். த்தூ.

நவம்பர் 25

விஷயம் வெளியே வந்துவிட்டது. சுகாதார இலாகா வாசலில் மைக்கை நீட்டினார்கள். "அது இரவல் வாங்கின இன்குபேட்டர்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

ஒரே வார்த்தை. எவ்வளவு சுலபமாக வருகிறது!

நவம்பர் 28

வெத்தாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் கருவியை வெளியே விட்டாளாம். கிரிகோராஷ் தான் எதுவும் சொல்லவே இல்லை என்கிறார். செப்டிமியுவுக்குத் திருப்தி. "ஒரு நர்ஸோட போச்சு. தேர்தல் வரைக்கும் வாயத் தொறக்காதீங்க."

லிவியு போனில் ஒன்றே ஒன்று கேட்டார். "வாத்து உன் கண்ணுல படலயா?" போனை வைத்துவிட்டேன். கண்ணாடியில் முகம் பார்க்காமலே தலை சீவினேன்.

டிசம்பர் 1

இன்று டிவியில், நேரலையில், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பார்த்ததும் தெரிந்துகொண்டேன், கையால் மறைத்தேன், தெரியாது என்று பொய் சொன்னேன், வெத்தா எனக்காகத்தான் கொடுத்தாள் என்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். நெறியாளர் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், ஸ்டூடியோ அப்படி அமைதியாக இருந்தது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. "அந்தக் குழந்தைக்கு என் பேர்தான் வைத்தார்கள்" என்றேன். அழுதேன்.

நிஜமான அழுகைதான். ஆனால் கேமரா பக்கம் திரும்பி அழுதேன்.

டிசம்பர் 2

ராஜினாமா எழுதிக்கொண்டு செப்டிமியுவிடம் போனேன். மனுஷர் எழுந்து வந்து என் கையில் முத்தமிட்டார். "கேமராமேனே அழுதுட்டான் டாக்டர்! அதுவும் அந்தப் பேரு விஷயம், அடேயப்பா! ஆயிரம் கூட்டம் போட்டாலும் இது கெடைக்குமா? நாட்டுல உண்மை பேசுற ஒரே ஆளு நீங்கதாங்கறாங்க." ராஜினாமாவை மடித்து என் கைப்பையிலேயே திணித்தார்.

நானும் அதைத் திரும்ப வெளியே எடுக்கவில்லை.

டிசம்பர் 9

வெத்தாவைத் திரும்ப வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். போன் செய்தேன். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது, வெட்கங்கெட்டவள் நான்.

"எல்லாம் சரி டாக்டரம்மா. அந்தப் பேர மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம். அத நான் நிகுலினாகிட்டயே இன்னும் சொல்லல. நாப்பதாம் நாளு கோதுமப் படையல் வைக்கிறப்ப பக்கத்துல ஒக்காந்து மெதுவா சொல்லலாம்னு இருந்தேன். அது டிவி பாத்துத் தெரிஞ்சுக்கிச்சு."

ஜனவரி 20

பழைய மந்திரி போய்விட்டார். நான்தான் மந்திரி. பதவிப் பிரமாணம் செய்யும்போது பைபிள்மேல் வைத்த கை, வாத்தை மறைத்த அதே கை. இது பிறகு தோன்றியதல்ல, வைக்கும்போதே தெரிந்தது.

பிப்ரவரி 16

இரண்டாவது இன்குபேட்டர் தொலோஷனிக்குப் போய்விட்டது. புதுக் கட்டில்களும். சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன். வெத்தா இரண்டே வார்த்தையில் செய்தி அனுப்பினாள்: வந்து சேர்ந்தது.

மே 14

நிகுலினாவைப் பார்க்கவேண்டும் என்று காரை அவள் தெருப் பக்கம் திருப்பச் சொன்னேன். வேலியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. எனக்குப் பின்னால் டிவி வண்டி ஒன்று வருவதை அப்போதுதான் கவனித்தேன். நான் கூப்பிடவில்லை. அதுவாக வருகிறது இப்போதெல்லாம். இறங்காமலே போய்விட்டேன்.

செப்டம்பர் 30

மலையடிவாரத்தில் ஒரு ஆஸ்பத்திரி. ரொட்டியும் உப்பும் கிடையாது, திரையும் கிடையாது. டைரக்டர் கையைப் பிசைந்துகொண்டு, "உங்ககிட்ட எதையும் மறைக்க மாட்டோம் மேடம், உள்ளது உள்ளபடி பாருங்க" என்று குழந்தைகள் வார்டுக்குக் கூட்டிப் போனார். சுவரெல்லாம் புதிது, தரை புதிது. நடுவில் துருப்பிடித்த கட்டில் ஒன்று. கேமரா அதற்கு நேராக ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது.

தலைமாட்டில் செர்ரிப் படம்.

நான் பேசினேன். துருவைத் தொட்டுக் கையை உயர்த்திக் காட்டி, "நம் பிள்ளைகளை இதிலா படுக்க வைக்கிறோம்?" என்று கேட்டேன். நன்றாகவே பேசினேன். செப்டிமியு கேமராவுக்குப் பின்னாலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

சாயங்காலம் வெத்தாவின் போன். எத்தனையோ மாதம் கழித்து.

"டிவில பாத்தேன். அது நம்ம கெடங்குல கெடந்த செர்ரிக் கட்டில்."

"தெரியும் வெத்தா."

பின்னால் ஏதோ ஒரு குழந்தை அழுதது.

"சரி டாக்டரம்மா. வேல முடிஞ்சுதுன்னா திருப்பி அனுப்பச் சொல்லுங்க. நாளன்னிக்கு வேற ஒரு ஊருல கேட்டிருக்காங்க."

நாளை மறுநாள் அந்த ஊருக்குப் போகிறவளும் நான்தான்.