நார்த்தங்காய் பீர்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜாக்குலின் எழுதுகிறேன். கர்த்தர் தயவால் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? போன் செய்தால் உடனே அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம்.

"சாராயம் காய்ச்சவா உன்ன மைக்ரோபயாலஜி படிக்க வெச்சேன்?" என்று நான் கிளம்பும்போது கேட்டீர்கள். இந்த பெல்ஜியம் கிராமத்துச் சின்ன பீர் ஆலையில் ஈஸ்ட் வளர்ப்பதுதான் என் வேலை. பீரை ருசி பார்த்துத் துப்பிவிடுவேன்.

நானும் ஒரு பீர் போட்டுப் பார்க்கிறேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். போன மாதம் முதலாளி ஒரு சின்னப் பீப்பாயைக் கொடுத்து, "உன் இஷ்டப்படி போடு. நல்லா வரலைன்னா இனிமே கேக்காதே" என்றார். அம்மா கொடுத்தனுப்பிய உப்பு நார்த்தங்காய் முழுவதையும் அதில் போட்டேன்.

சனிக்கிழமை பீர் பிரியர்கள் வந்தார்கள். கடையில் கிடைக்காத பீரைத் தேடி ஊர் ஊராகப் போகிற கூட்டம் அது. ஒருவர் கடல் வாசம் என்றார், இன்னொருவர் இருமல் மருந்து என்றார். பெரிய வாக்குவாதமே நடந்தது. ஒரு அம்மையார், "இது எந்த ஊர்ப் பக்குவம்?" என்று கேட்டார்.

"மதுராந்தகம்."

போனில் தேடிப் பார்த்துவிட்டு, "எவ்ளோ பெரிய ஏரி! கரையில எத்தனை பீர் ஆலை இருக்கு?" என்றார்.

"ஒண்ணும் கிடையாதுங்க. எங்கம்மா அடுப்பங்கரை மட்டுந்தான் கீது."

பீப்பாய் அன்றே காலி. மறுபடியும் போடச் சொல்லிவிட்டார் முதலாளி.

நார்த்தங்காய் இரண்டு பாட்டில் அனுப்புங்கள். ஒன்று பீப்பாய்க்கு, இன்னொன்று எனக்கு. தனியாகச் சாப்பிட்டால் தயிர்சோறு இறங்குவதில்லை. பார்சல் மேல் முகவரியை அம்மா எழுத வேண்டாம், நீங்களே எழுதுங்கள் அப்பா. உங்கள் கையெழுத்தைப் பார்த்து ரொம்ப நாளாகிறது.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் இதை எழுதினேன். பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்
ஜாக்குலின்