ஏற்கப்படாத ராஜினாமா

ஞாயிறு, மே 15, 1977

மேற்கேயிருந்து கச்சான் காற்று. கொடியில் போட்ட சேலையெல்லாம் மணல். இரண்டாம் தடவை அலசினேன்.

மாதா கோயில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் மூத்தவர், இவருடைய அண்ணன், கட்சிக்காரர்களோடு உட்கார்ந்திருக்கிறார். சட்டசபைத் தேர்தலில் நான் நிற்பது முடிவாகிவிட்டதாம். உண்மையில் நிற்க ஆசை அவருக்குத்தான். ஆனால் பொதுப்பணித் துறைக்குக் கல் சப்ளை பண்ணும் கான்ட்ராக்ட் அவர் கையில். சர்க்கார் கான்ட்ராக்ட் உள்ளவர் நிற்கக் கூடாது. அதனால் தம்பி பெண்டாட்டி.

"சர்க்கார் சம்பளம் வாங்குதவளும் நிக்கக் கூடாதுல்லா, அத்தான்?"

"அதுக்குத்தானே போன வாரமே உன்ன ராஜினாமா எழுதச் சொன்னேன். மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சரா இருந்தா இந்தத் தொல்லையே கிடையாது. நீ சர்க்கார் பள்ளிக்கூடத்துல போய் மாட்டிக்கிட்ட."

மேடையில் பேச வராது என்றேன். "நான் எழுதித் தாரேன், நீ வாசிச்சா போதும். சட்டசபையிலயும் அப்படித்தான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

இவர் மூலையில் நின்று காப்பி டம்ளர்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கொழும்புத் தோணியை நடத்துகிற தண்டல், நடுக்கடலில் ஆட்களை அதட்டி வேலை வாங்குகிறவர். அண்ணன் முன்னால் மட்டும் நாக்கு எழும்பாது.

செவ்வாய், மே 17

வெயில். காற்றும் விடவில்லை.

பள்ளிக்கூடம் போனேன். லீவு என்றாலும் புதுச் சேர்க்கைக்காக த.ஆ. (தலைமை ஆசிரியை) இருந்தார். போன வாரம் நான் கொடுத்த ராஜினாமாவை அன்றைக்கே திருநெல்வேலி கல்வி அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாராம். அங்கே அதிகாரி விடுப்பில். திரும்பி வந்து ஏற்றுக்கொண்டால்தான் நான் வேலையை விட்டதாகக் கணக்கு. அதுவரை நான் சர்க்கார் ஆசிரியைதான்.

"ஏளா ஸ்டெல்லா, உனக்கு நெசமாவே போவணும்னு இருக்கா?"

மேசை மேலிருந்த சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பார்க்கும் வேலை. இவர் தோணி கரையில் கட்டிக் கிடக்கிற மாதங்களிலெல்லாம் அடுப்பு எரிவது அதனால்தான். அது மட்டுமா? கணக்கு வராமல் அழும் பிள்ளைக்குத் திடீரென்று பிடிபடும்போது ஒரு முகம் வருமே, அது மெட்ராசில் எங்கே கிடைக்கும்?

இதையெல்லாம் சொல்லவில்லை. "அத்தான் சொல்லுதாங்க" என்று மட்டும் சொன்னேன்.

வாங்க வேண்டியது: காப்பிப் பொடி (வருகிற கூட்டத்துக்குப் போதவில்லை), மண்ணெண்ணெய், வெள்ளைச் சேலை இரண்டு (மூத்தவர் உத்தரவு. கலர் சேலை கூடாதாம்).

புதன், மே 18

மனு தாக்கல். மாலை, வெடி, புகை, தும்மல். என்னைத் தவிர எல்லோருக்கும் சந்தோஷம்.

ராஜினாமாவை ஏற்றுக்கொண்ட உத்தரவு வரவில்லையே என்று மூத்தவரின் வக்கீலிடம் கேட்டேன். "அது பின்னால வந்துரும். நாளைக்குப் பரிசீலனையில நான் பேசிக்கிடுதேன்" என்றார்.

திரும்பும் வழியில் மீன் கூடையோடு ஒரு அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பதாவது படிக்கும் பிள்ளையின் தாய். "எம் மவளுக்கு இனி கணக்கு யாரு டீச்சர் சொல்லிக் குடுப்பா?" ஜீப்பில் ஏறச் சொல்லி மூத்தவர் ஹாரன் அடித்தார்.

இரவுக்கு மோர் மட்டும்.

வியாழன், மே 19

மனுப் பரிசீலனை. சப் கலெக்டர் ஆபீஸ். மின்விசிறி சுற்றுகிறது, காற்று இல்லை.

என் பெயர் வந்ததும் எதிர்க்கட்சி வக்கீல் எழுந்தார். இவர் அரசாங்கத்தில் ஊதியம் பெறும் பதவியில் இருக்கிறார், போட்டியிடவே தகுதி இல்லை என்றார். நம் வக்கீல், ராஜினாமா கொடுத்தாயிற்று, கொடுத்த அன்றே பதவி போயிற்று என்றார். கொடுத்தால் போதாது, ஏற்கப்பட வேண்டும் என்றார் அவர். இருவரும் மாறி மாறிப் புத்தகத்தைப் புரட்டினார்கள்.

தேர்தல் அதிகாரி என்னைப் பார்த்தார். "ராஜினாமாவை ஏத்துக்கிட்டதா உங்களுக்குத் தகவல் ஏதாவது வந்ததாம்மா?"

நம் வக்கீல் குனிந்து காதோடு: "வாய்வார்த்தையாச் சொல்லிட்டாங்கன்னு சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

மூத்தவர் தலையை ஆட்டினார். சொல்லு, சொல்லு என்று.

"வரலை சார். யாரும் வாயாலயும் சொல்லலை."

என் குரல்தானா? வகுப்பில் பேசும் குரல் மாதிரி இருந்தது. மேடைக்கு வராத குரல் அங்கே எப்படி வந்ததோ.

மனு தள்ளுபடி.

வெளியே வந்ததும் மூத்தவர், "ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை கேட்டேன்" என்றார். ஜீப் என்னை விட்டுவிட்டே போயிற்று. நானும் இவரும் நடந்தோம். கடற்கரைச் சாலையில் இவர் சொன்னார். "எனக்கு இப்பதாம்ளா மூச்சு வருது." எனக்கும்தான் என்றேன். சர்பத் குடித்தோம். மத்தியானம் படுத்தவள் விளக்கு வைக்கும் நேரம்தான் எழுந்தேன்.

வெள்ளி, மே 20

வருகிறவர்கள் எல்லோரும் துக்கம் விசாரிக்கிறார்கள். முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது பெரிய வேலையாக இருக்கிறது.

மூத்தவரின் மனைவி பின்வாசல் வழியாக வந்தார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று பயந்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருப்ப நீ. ஒரு வாரமா கட்சிக்காரனுவளுக்கு வடிச்சுக் கொட்டி, குசினிய விட்டு நான் வெளியவே வரல. நேத்துதான் நிம்மதியா தலைக்குக் குளிச்சேன்" என்றார். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

ஞாயிறு, மே 22

காற்று தணிந்திருக்கிறது. சீலா மீன் குழம்பு.

மூத்தவர் வந்தார், தனியாக. கட்சி, சுயேச்சையாக நிற்கும் வேறு ஆளுக்கு வேலை செய்யச் சொல்லிவிட்டதாம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"உத்தரவு வந்திருந்தா நின்னிருப்பியா?"

"நின்னிருப்பேன், அத்தான். பயந்துகிட்டே நின்னிருப்பேன்."

"பொறவு ஏன் அங்கன அப்படிச் சொன்ன?"

"வராதத வந்துதுன்னு எப்படிச் சொல்ல?"

இவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "அவ வேலைக்கே போவட்டும், அண்ணே. அதுதான் எனக்கும் இஷ்டம்."

மூத்தவர் தம்பியைப் புது ஆளைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார். கோபம் போனதா என்று தெரியவில்லை. ஆனால் இருந்து சாப்பிட்டார். குழம்பு இன்னும் கொஞ்சம் கேட்டார்.

திங்கள், மே 23

த.ஆ.விடம் போனேன். ராஜினாமாவைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். ஏற்கப்படாததால் தாராளமாக வாங்கிக்கொள்ளலாமாம். திருநெல்வேலிக்குப் போன் போட்டுக் கேட்டே சொன்னார். "ஜூன்ல பத்தாம் கிளாஸ் ஏ பிரிவு உனக்கு. கூட்டம் ஜாஸ்தி. தொண்டையப் பத்திரமா வச்சுக்கோ."

வெளியே வந்தவள் காலி வகுப்பு ஒன்றில் போய் உட்கார்ந்தேன். சிரிப்பா அழுகையா, இரண்டும் வந்தது. வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், ஜெயிச்சிட்டியளா?"

"ஆமா, அண்ணாச்சி."