சாளை எண்ணெய் பூசிய டீப்பாய்

குறும்பனை
12.6.2008, வியாழன்

அன்பு மகன் சஜினுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் புண்ணியத்தில் இங்கே மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், அதனால்தான் கடிதம். செல்லக்கனியின் மகன் நாளைக்கு ஷார்ஜா வருகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு மார்த்தாண்டத்திலிருந்து ரெனிஷின் அப்பாவும் அம்மாவும் நம் வீட்டுக்கு முதல்முறையாக வருகிறார்கள். நம் ஜெனிலாவும் அவனும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து, விரும்பி, இரண்டு வருடம் காத்திருந்து வாங்கிய சம்மதம், அதுவும் பாதிச் சம்மதம்தான். 'பிள்ளை தங்கமான பிள்ளைதான், ஆனா அந்தக் கடப்புறத்து வீட்டுல மீன் நாத்தத்துல எப்படிப் போய் இருக்கது' என்று அந்த அம்மா யாரிடமோ சொன்னது நம் காது வரைக்கும் வந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. திரைச்சீலை மாற்றினேன், வலையையெல்லாம் வீட்டுக்குப் பின்னால் தள்ளினேன், டீ வைக்க ஒன்றும் இல்லையே என்று தச்சுவேலை செய்யும் இஞ்ஞாசியிடம் அயினிப் பலகையில் ஒரு டீப்பாயும் செய்யச் சொன்னேன்.

இழைத்துக் கொண்டுவந்து வைத்ததும் என்ன பூசுவது என்று ஆளுக்கொரு பேச்சு. இஞ்ஞாசி அரக்குப் பாலிஷ் என்றார். சூடான கிளாஸ் வைத்தாலும் வெள்ளைத் தடம் விழாது என்று கடையில் சொன்னதால் நான் வார்னிஷ் வாங்கி வைத்தேன். அப்பா இரண்டையும் கேட்டுச் சிரித்தார். செவ்வாய்க்கிழமை நான் கோயிலில் நவநாள் ஜெபத்துக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், வள்ளத்துக்குப் பூசுகிற சாளை மீன் எண்ணெயை எடுத்து டீப்பாய்க்கு மேலும் கீழும் கால் வரைக்கும் தேய்த்து வைத்திருக்கிறார்! 'உப்புக்காத்துக்கு இதுதான் நிக்கும், முப்பது வருஷம் வள்ளமே நின்னிருக்கு, இது நிக்காதா' என்று பெருமை வேறு. வாசலில் கால் வைக்கும்போதே மீன் நாற்றம். எனக்குத் தலைக்கேறிவிட்டது. 'ஒமக்கு அறிவிருக்கா, பிள்ளைக்க வாழ்க்கையில மண்ணள்ளிப் போடவா நெனச்சீரு' என்று தெருவே கேட்கக் கத்திவிட்டேன்.

நேற்று முழுக்க அந்தப் பாடுதான். டர்பன்டைன் தொட்டுத் துடைத்தோம், சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினோம், காய வைக்கலாம் என்றால் விடாத சாரல். அவசரத்தில் மேலேயே வார்னிஷ் அடித்தேன், அது காயாமல் பிசுபிசுவென்று கையோடு வந்தது. கடைசியில் இஞ்ஞாசி வந்து தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் இரண்டு கை இழுத்திருக்கிறார், இன்னும் இரண்டு கை பாக்கி. அரக்கு மூடிவிட்டால் நாற்றம் வெளியே வராதாம். இதை எழுதும்போதே மூன்று தடவை எழுந்துபோய் மோந்து பார்த்துவிட்டேன். ஒரு தடவை இல்லாத மாதிரி இருக்கிறது, மறுதடவை இருக்கிறது. அரக்கில் சூடு பட்டால் தடம் விழும், இனி கிளாஸைத் தட்டோடுதான் வைக்க வேண்டும்.

அது கிடக்கட்டும், சொல்ல வந்தது வேறு. இன்று மத்தியானம் அப்பா குழாயடியில் வெகுநேரம் நின்றார். சோப்பு போடுகிறார், எலுமிச்சைத் தோல் தேய்க்கிறார், மறுபடியும் சோப்பு. பிறகு உள்ளே வந்து ஜெனிலா முன்னால் இரண்டு கையையும் நீட்டி, 'இன்னும் நாறுதா மக்களே' என்று கேட்டார். நாற்பது வருடம் கடலுக்குப் போன கை, சஜின். ஒருநாளும் அவர் அப்படிக் கேட்டதில்லை. கேட்க வைத்தது மார்த்தாண்டத்துக்காரி இல்லை, நான்தான். ஜெனிலா அந்தக் கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு 'எனக்கு ஒண்ணும் நாறல்லப்பா' என்றாள். நான் அடுக்களைக்குள் போய்விட்டேன். இப்போது அவர், 'ஞாயித்துக்கிழமை நான் கடப்புறத்துல இருக்கேன், நீங்களே பேசி முடியுங்க' என்கிறார். நான் இருக்கச் சொன்னால் கேட்கமாட்டார், சொல்ல எனக்கு முகமும் இல்லை.

மாதா உன் கூடவே இருக்கட்டும், நன்றாக இரு மக்கா. பார்சலில் நெத்திலிக் கருவாடு வைத்திருக்கிறேன், நாற்றம் வெளியே வராமல் நான்கு கவர் போட்டுக் கட்டியிருக்கிறேன், ரூமில் யாரும் ஏதும் சொன்னால் சொல்லட்டும். ஞாயிற்றுக்கிழமை நம் நேரம் மூன்றரைக்குக் கட்டாயம் கூப்பிடு. என்னைக் கேட்காதே, அப்பாவைக் கேள். அவர்கள் வந்து உட்காரும் வரைக்கும் போனை வைக்காமல் பேசிக்கொண்டே இரு, அவர் எழுந்து போய்விடக் கூடாது. டீப்பாய் நாறினால் நாறட்டும், அதற்கு முன்னால் உன் அப்பா உட்கார்ந்திருக்க வேண்டும்.

உன் நினைப்பாகவே இருக்கும் அம்மா,
ரீத்தா