முடிவை முதலில் சொல்லும் பக்கம்

போட்டோக்கொப்பி எடுத்த தாள்கள் கையில் இருக்கின்றன. நீ எழுதிய ஒபரா வழிகாட்டியின் முதல் வரியே கண்ணில் குத்துகிறது: ‘கடைசியில் கதாநாயகி நோயில் செத்துப்போவாள். அதை அறிந்துகொண்டு கேளுங்கள்.’

நாளை பின்னேரம் புதுக்குடியிருப்பு ரியூசன் கொட்டிலில், உன் நினைவாக அந்த ஒபராவைப் போட்டுக் கேட்கப்போகிறோம். முழுக்கப் பாட்டாலேயே நடக்கும் நாடகம், அதுவும் இத்தாலிய மொழியில். ஒருவருக்கும் விளங்காது என்பதால் இந்தப் பக்கத்தை நான்தான் வாசிக்கவேண்டும். முன்வரிசையில் உன் அம்மா இருப்பார்.

நெல் வெட்டும் மெசினை ஓட்டிக்கொண்டே ஒபரா கேட்டவன் நீ. சாப்பாட்டு நேரத்தில் வரம்பில் இருந்து, யார் யாரை ஏய்க்கிறார்கள், எந்த இடத்தில் காதைத் தீட்டவேண்டும் என்று விளக்குவாய். நான் பொறுமை இழந்து கத்துவேன்.

“முடிவைச் சொல்லிப்போட்டாய். பிறகென்னத்துக்கடா கேக்கிறது?”

“கோயில் கூத்துக்கு முடிவு தெரியாமலோ சனம் விடியவிடிய இருக்குது? என்ன நடக்குமோ எண்டு பயந்துகொண்டிருந்தால் பாட்டு காதில ஏறாது. நீ ஆய்வுகூடக்காரன், உனக்கு றிசல்ற் மட்டும் காணும்!”

பிறகு உன்னுடைய இரத்தப் பரிசோதனை றிசல்ற்றையே கொண்டுவந்து என்னிடம் நீட்டினாய். “சுத்தி வளைக்காமல் சொல்லு மச்சான்.” தப்பமாட்டாய் என்று சொன்னேன். “சரி, இனிப் பாட்டைக் கேப்பம்” என்று ஒரு காதுக் கருவியை என்னிடம் தந்தாய். “அம்மாட்ட மட்டும் சொல்லிப்போடாதை” என்றாய். ஊருக்கெல்லாம் ஒரு விதி, அம்மாவுக்கு வேறு விதி. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்று தாள்களோடு நேரே உன் வீட்டுக்குத்தான் போனேன். அம்மா முற்றத்தில் காயப்போட்ட நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தார்.

“அன்ரி, இந்த முதல் வரியை விட்டிட்டு வாசிக்கட்டோ?”

வாசித்துக்காட்டச் சொன்னார். காட்டினேன்.

“இது அவன் எழுதினதோ?”

“ஓம்.”

“எல்லாருக்கும் முன்னுக்கே எழுதிக் குடுத்திருக்கிறான். எனக்கு மட்டும் சுகமாயிடும் எண்டவன். தெரிஞ்சிருந்தால் வயலைப் போட்டிட்டு அவனுக்குப் பக்கத்தில இருந்திருப்பனே.” காலால் நெல்லை இரண்டு தரம் துழாவினார். “உனக்கு முதலே தெரியுமோ தம்பி?”

“தெரியும், அன்ரி.”

என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

“அந்த வரியை வடிவா, எல்லாருக்கும் கேக்க வாசி. பிறகு வந்து எனக்குப் பக்கத்தில இரு. அந்தப் பிள்ளை சாகிற இடம் வரமுதலே சொல்லு.”

பக்கத்தின் அடியில் நீ எழுதியிருக்கிறாய்: ‘கடைசிக் காட்சியில் அவள் குரல் திடீரென்று தெளியும். சுகமாகிவிட்டாள் என்று நம்பிவிடாதீர்கள்.’ எனக்கு உன்னைப்போல் காது இல்லை. அந்த இடத்தைத் தவறவிடுவேனோ என்று உன் வீட்டிலிருந்து வந்ததுமுதல் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறேன். நாளை அந்தக் குரல் தெளிய முதல் அம்மாவின் கையைப் பிடித்துவிடவேண்டும்.