கம்ப்யூட்டர் சென்டர் வேலை

மச்சான்,

மதியச் சாப்பாட்டுக்கு உங்கள் சபூரா அக்கா வருகிறார். விஷயம் இதுதான்.

நேற்று அவர் தெருவில் ஆர்டர். லோடு ஆட்டோவை நிறுத்திக் குப்பைத் தொட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு தன் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தார். முகத்தில் மாஸ்க் இருந்ததால் என்னை அடையாளம் தெரியவில்லை.

"ஏட்டி, புழு நெளியுது, நல்லாத் தேச்சுக் கழுவு. எந் தம்பி பொண்டாட்டியெல்லாம் கம்ப்யூட்டர் சென்டர்ல ஏசிக்குள்ள இருக்கா."

மாஸ்க்கைக் கழற்றினேன். "மதினி, அந்த ஏசிக்காரி நாந்தான்."

மூக்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு எதிர்வீட்டைப் பார்த்துக் கத்தினார்: "இவ எங்க வீட்டுப் பிள்ளதாம்மா. ஒந் தொட்டியையும் கொண்டா!"

ஒன்றரை வருடமாக நான் தொட்டி கழுவுகிறேன்; 'எங்க வீட்டுப் பிள்ள' என்பது உங்கள் வாயில் வராத வார்த்தை.

நீங்கள் சொன்னது எந்தக் கம்ப்யூட்டர் என்று இன்று உங்களிடம் கேட்பார். யோசித்து வையுங்கள். நான் கழுகுமலை ஆர்டருக்குப் போகிறேன்.

ரஹ்மத்

பி.கு.: நம் வீட்டுத் தொட்டியும் நாறுகிறது. கையுறை ஜன்னலில் இருக்கிறது. யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துக் கழுவிவிடுங்கள்.

இன்னொன்று: குழம்பில் மீன் தலையை உங்களுக்கென்றுதான் போட்டேன். அதை மதினிக்கு வைத்துவிடுங்கள்.