மேட்டு வீட்டின் மூங்கில்

மார்ச் 3, செவ்வாய்

மேட்டு வீட்டுக் கிழவர் ஹமானாக்கா இன்று காலை தன் வீட்டு ஓரப் பாதையின் குறுக்கே மூங்கிலைக் கட்டிவிட்டார்.

முப்பது வருடம் தீவுப் படகை ஓட்டியவர், எழுபத்தெட்டு வயது. ஜனவரியில் வழியில் கண்டு கேட்டபோது இவரே "ஜனங்க நடந்து போகட்டும், எனக்கென்ன" என்றார். எழுதி வாங்காதது என் தப்பு.

ரோப் காரில் மலை உச்சிக்குப் போகிறவர்கள் கோயிலைப் பார்த்துவிட்டு நடந்தே கீழே இறங்குவார்கள். ஹமானாக்கா வீட்டு ஓரமாக வந்தால் நேராக என் கடை வாசல். அது மூடியிருந்தால் பூனைச் சந்து வழியாக அடிவாரத்துக்கே இறங்கிவிடுவார்கள். நூற்று எண்பத்தேழு படி இறங்கியவன் காபிக்காகத் திரும்ப ஏறுவானா? நானே ஏற மாட்டேன்.

28ஆம் தேதி என் புதுக் காபிக் கடை திறப்பு. செர்ரிப் பூ யாருக்காகவும் காத்திருக்காது, இரண்டு வாரத்தில் பூத்துக் கொட்டிவிடும். அதைப் பார்க்க வரும் கூட்டத்தை விட்டால் இந்த வருடம் போச்சு.

போய்க் கேட்டேன். "என்ன கேப்டன் இது?"

"காத்து வரல."

என் கடை மொட்டைமாடி மேல் உத்தரங்கள்தான் நிற்கின்றன, கூரையே இன்னும் போடவில்லை. எந்தக் காற்றை மறித்தேன்?

மார்ச் 4

கடைவீதியின் விலை உயர்ந்த இனிப்புப் பெட்டியோடு மேலே போனேன். கதவைப் பாதி திறந்தார். பெட்டியைத் தொடவில்லை.

"வணக்கம் சொல்ல வேண்டிய நாள் போயிடுச்சு, கடைக்காரம்மா. இப்ப நீங்க கொண்டு வந்திருக்கிறது இனிப்பு இல்ல, பாதைக்குக் கூலி."

இனிப்பை நானே தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 5

தச்சர் ஒதாகிரி இந்தச் சரிவில் பிறந்து வளர்ந்தவர். ஆணியை வாயில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"வேலை ஆரம்பிக்கும்போது வழக்கப்படி அக்கம்பக்கத்துக்குத் துண்டு கொடுத்து வணக்கம் சொன்னீங்களே, யார் யாருக்கு?"

"எதிர்ல மூணு வீடு, பக்கத்துல ரெண்டு வீடு. முறைப்படி."

"அது கீழ, சமதளத்துல. இங்க எதிர்ல யாருக்கு வீடு இருக்கு, காக்காவுக்கா? சரிவுல யார் கண்ணை மறைக்கப் போறோமோ அவங்க வீட்டுக்குத்தான் முதல்ல போகணும். மேட்டு வீட்டுக்குப் போனீங்களா?"

போகவில்லை. மேலே ஒரு வீடு இருப்பதை ஒரு வீடாகவே எண்ணவில்லை. படகுத்துறையில் சைக்கிள் பெட்டியில் கருவாடு விற்று ஆரம்பித்தவள் நான். இன்று கடைவீதியில் மூன்று கடை. நாற்பது வருடம் இந்த ஊரில் வியாபாரம் செய்கிறேன், எல்லாம் தட்டையான தரையில். சுற்றுலா வருகிறவர்கள் இந்த ஊரில் எதைப் பார்க்க வருகிறார்கள்? சரிவை. அதில் எப்படி வாழ்வது என்று மட்டும் நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சரி, தப்பு. அதற்காகக் கடையை மூட முடியுமா?

மார்ச் 6

கூரை போடச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

தகடுகளைத் தோளில் சுமந்து ஆறு பேர் ஏறினார்கள். மதியத்துக்குள் கூரை முடிந்தது. அடியில் உட்கார்ந்து பார்த்தேன். கீழ் வீடுகளின் ஓடுகளுக்கு நடுவே கடல் ஒரு ஆறு மாதிரி கிடக்கிறது. அந்தப் பக்கம் தீவு, கப்பல் பட்டறையின் கிரேன்கள். நடுவில் படகு போகிறது, வருகிறது. பன்னிரண்டு இருக்கை. கிழக்கு மூலையில் உள்ள நாலும் முதல் தரம். இதைத்தான் விற்கப் போகிறேன், காபியை இல்லை.

மேலே ஹமானாக்கா, கம்பில் காயும் வெள்ளைத் துண்டுக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 9

காலை பத்தரைக்கு ஒரு கிழவி கைப்பிடிக் கம்பியைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்து, என் வாசல் படியில் உட்கார்ந்தாள். முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. தண்ணீர் கொடுத்தேன்.

"மேல இருக்கிறவன் செத்துட்டானா?" என்றாள்.

"யாரு, கேப்டனா? காலைல கூட இருமினாரே."

கண்ணை மூடி நீளமாக மூச்சு விட்டாள். பிறகு கோபம் வந்தது. எழுந்து நேரே மூங்கிலுக்குப் போய், முடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்த்தாள். "படகுக்காரன் முடிச்சு. நாற்பத்தஞ்சு வருஷமா அவுக்கிறேன்."

சுமினோ, அவர் மனைவி. முழங்கால் போய்விட்டதால் மூன்று வருடமாகத் தீவில் தங்கை வீட்டில் இருக்கிறாள். அவர் இந்தச் சரிவை விட்டு இறங்க மறுக்கிறார். போன் மணி அவர் காதில் விழாது. அதனால் ஒரு ஏற்பாடு. தினமும் எட்டு மணிக்குள் அவர் கம்பில் வெள்ளைத் துண்டு தொங்க வேண்டும். அவள் அக்கரைப் படகுத்துறையில் நின்று பார்ப்பாள். துண்டு தெரிந்தால் ஆள் எழுந்துவிட்டார்.

இன்று தெரியவில்லை.

நூற்று எண்பத்தேழு படி. அந்த முழங்காலோடு. பிணத்தைப் பார்க்கத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு.

ஹமானாக்கா வெளியே வந்தார். "நீ எதுக்கு ஏறுன? முட்டி என்ன ஆகும்?"

"வாயைத் தொறந்து இந்த அம்மாகிட்ட சொன்னா என்ன? முத்தா உதிர்ந்துடும்?"

"பொண்டாட்டிக்குத் துண்டு காட்டுறேன்னு ஊர்ல சொல்லச் சொல்றியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. துண்டை மறைத்தது நான் வீம்புக்குப் போட்ட கூரை.

மார்ச் 10

படகேறித் தீவுக்குப் போனேன். சுமினோ நிற்கிற இடத்திலேயே நின்று பார்த்தேன். இத்தனை வருடத்தில் எங்கள் ஊரை இங்கிருந்து நான் நிதானமாகப் பார்த்ததில்லை. உச்சியில் கோயில், கீழே கீழே வீடுகள், நடுவில் பளபளவென்று என் கூரை. வேறு எதுவுமே கண்ணில் படவில்லை.

முழுக் கூரையும் மறைக்கவில்லை. கிழக்கு மூலைதான். அந்த நாலு இருக்கை.

வேறு எந்த மூலையாகவாவது இருக்கக் கூடாதா?

மார்ச் 11

வேறு வழி பார்க்காமல் விட்டுக்கொடுக்க மனசில்லை. மேலே போய், "கேப்டன், கம்பை ஆறடி உயர்த்தி என் செலவில் நட்டுத் தரேன்" என்றேன்.

"இந்த வயசுல ஏணி போட்டுத் துண்டு காயப்போடணுமா? அதுல விழுந்து செத்தா துண்டை யார் போடுவா?"

நியாயம்தான். இறங்கி வந்து ஒதாகிரியிடம் கிழக்கு மூலைத் தகடுகளைக் கழற்றச் சொன்னேன். "போட்டு மூணு நாள்தானே ஆச்சு" என்றார். "அதான் ஆணி இறுகியிருக்காது, சீக்கிரம் கழற்றுங்க" என்றேன்.

மார்ச் 13

பேச்சுவார்த்தை அக்கரைப் படகுத்துறை பெஞ்சில். ஹமானாக்கா எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார், இறங்கவே மாட்டேன் என்றவர். ஆனால் பேசியதெல்லாம் சுமினோ. இருபது வருடம் படகில் டிக்கெட் கிழித்தவளாம். என்னைப் போலவே முதலில் எதிராளியின் செருப்பைத்தான் பார்க்கிறாள்.

பாதைக்கு வாடகை எவ்வளவு என்று கேட்டேன்.

"பாதை விக்கிறதுக்கு இல்ல" என்றார் அவர்.

"நீ சும்மா இரு" என்றாள் அவள். என்னிடம் திரும்பினாள். "காசு வேணாம். காசு குடுத்தா நீங்க மறந்துடுவீங்க. நான் ஒண்ணு கேப்பேன், அது காசை விட ஜாஸ்தி."

கேட்டாள். யோசிக்க ஒரு நாள் வேண்டும் என்றேன். படகு நடுக்கடலைத் தாண்டுவதற்குள் சம்மதம் என்று முடிவாகிவிட்டது. ஆனாலும் நாளைக்குத்தான் சொல்வேன். வியாபாரம் வியாபாரம்தான்.

மார்ச் 22

முதல் மொட்டுகள் விரிந்துவிட்டன. மேட்டு வீட்டுக்குத் துண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன், மற்ற ஐந்து வீட்டுக்கும் கொடுத்த அதே சாதாரண வெள்ளைத் துண்டு. வாங்கிக்கொண்டார். "இது நல்லா கண்ணுக்குத் தெரியும்" என்றார்.

மார்ச் 28, சனி

கடை பத்து மணிக்குத் திறக்கிறது. ஏழே முக்காலுக்கு வந்துவிட்டேன். அடுப்பைப் பற்றவைக்குமுன் வெட்டிய மூலையில் நின்று மேலே பார்த்தேன். ஏழு ஐம்பத்திரண்டுக்குத் துண்டு வந்தது, புதுசு. அக்கரையில் சுமினோ நிற்கிற இடத்தில் ஒரு சிவப்புக் குடை விரிந்து மடங்கியது.

பேசி முடித்தது இது. கிழக்கு மூலைக்கு இனி கூரை கிடையாது, அந்த நாலு இருக்கையும் கிடையாது. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை பாதையில் மூங்கில் இருக்காது. பாதையில் விளம்பரப் பலகை வைக்கக் கூடாது. வாடகை இல்லை. அதற்குப் பதிலாகச் சுமினோ கேட்டபடி, மழையோ வெயிலோ, கடை திறந்தாலும் திறக்காவிட்டாலும், எட்டு மணிக்குள் துண்டைக் காணோம் என்றால் நான் மேலே ஏறிப் போய்க் கதவைத் தட்ட வேண்டும்.