பெயர் சொல்லாத பொடி

கட்கி,
14.6.1997

அன்புள்ள அண்ணிக்கு,

லீவுக்கு ஊருக்கு வந்து திரும்பிய பக்கத்து வீட்டு சேவியர் உங்கள் பொடியைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார். உங்கள் தம்பிக்குப் பக்கவாதம் வந்த இந்த இரண்டு மாதத்தில், அதைக் கண்டதும்தான் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். தேனில் குழைத்துக் கொடுக்கிறேன். வலது கை வீக்கம் நன்றாக வடிந்திருக்கிறது.

டாக்டர்தான் விடமாட்டேன் என்கிறார். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்திருக்கிறார். பொடியில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டுமாம். உடனே எழுதுங்கள்.

அன்புடன்,
கிரிஜா

போளூர்,
25.6.1997

கிரிஜாவுக்கு ஆசிகள்.

பெயரை வெளியே சொன்னால் மருந்து பலிக்காது. அப்பா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொல்லிக்கொடுத்தார். வாதம், வீக்கம் என்று இன்றைக்கும் வாசலில் பத்துப் பேர் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை, உன் டாக்டருக்கு மட்டும் என்ன வந்தது? இன்னும் ஒரு மண்டலத்துக்குப் பொடி அனுப்பியிருக்கிறேன். வெங்கடேஸ்வரனை வேளை தவறாமல் சாப்பிடச் சொல்.

தர்மாம்பாள்

கட்கி,
19.7.1997

அண்ணிக்கு,

மூன்று நாளாக இவருக்குப் பல் ஈறில் ரத்தம் நிற்கவில்லை. உடம்பெல்லாம் நீலம் நீலமாகக் கன்றிக் கிடக்கிறது. பொடியை நிறுத்தினேன். உடனே டாக்டர் மாத்திரையையும் துப்புகிறார். "அக்கா மருந்து இல்லன்னா எனக்கு எதுவும் வேணாம்" என்று குழறிக்கொண்டு வாயை இறுக்கிக்கொள்கிறார். ஆஸ்பத்திரியில் திட்டு, வீட்டில் திட்டு. எனக்கு அலுத்துவிட்டது, அண்ணி.

டாக்டர் இந்த ஊர் மராத்திக்காரர். அவர் போளூரில் வந்து கடை போடப் போவதில்லை. தயவுசெய்து சொல்லுங்கள்.

கிரிஜா

போளூர்,
28.7.1997

கிரிஜா,

இதோடு ஒரு காலி மாத்திரை அட்டை வைத்திருக்கிறேன். டாக்டரிடம் காட்டு.

அப்பா கொடுத்த வேரும் இலையும் அப்படியே இருக்கின்றன. ஆனால் நான் கொடுத்தபோது, அப்பா காலம்போல யாருக்கும் வீக்கம் சீக்கிரம் வடியவில்லை. வந்தவர்கள் முகம் சுளித்துப் போனார்கள். மூன்று வருஷமாக மருந்துக்கடையில் இந்த வலி மாத்திரையை வாங்கிப் பொடித்துச் சேர்க்கிறேன். தம்பி சீக்கிரம் எழுந்து நடக்கட்டும் என்று அவனுக்கு இரண்டு பங்கு போட்டேன். டாக்டரின் ரத்த மாத்திரையோடு சேராது என்று எனக்குத் தெரியாது, அம்மா.

வாசலுக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டேன். நீ என்னை என்ன வேண்டுமானாலும் சொல். தம்பியிடம் மட்டும் சொல்லாதே.

தர்மாம்பாள்

கட்கி,
16.8.1997

அண்ணிக்கு,

டாக்டர் அட்டையைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார். ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். இப்போது ரத்தம் நின்றுவிட்டது.

எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆறும் என்று எழுத மனம் வரவில்லை. அவரிடம் சொல்லவில்லை. டாக்டரைக் கேட்டுக்கொண்டு, அவருடைய மாத்திரையைத்தான் தேனில் குழைத்து, அக்கா மருந்து என்று கொடுக்கிறேன். மறுபேச்சில்லாமல் விழுங்குகிறார். ஆனால் பொட்டலத்தைக் காட்டு என்கிறார், உங்கள் கையெழுத்தைப் பார்த்தால்தான் வாய் திறக்கிறார்.

அதனால் மாதாமாதம் அவர் பெயரெழுதிப் பொட்டலம் மடித்து அனுப்புங்கள். உள்ளே ஒன்றும் வைக்க வேண்டாம். எனக்குக் கடிதமும் வேண்டாம்.

கிரிஜா